சங்கிலியை அடைவு வைக்குமுன்: சிறு கணனி எவ்வளவு வேலை செய்யும்?

"பாதர், மகள் கணனி வேணுமெண்டு நிக்கிறாள். மனிசியின்ர சங்கிலி ஒண்டு கிடக்கு. அதை அடைவு வைச்சு வாங்கிக் குடுக்கிறதோ, இல்லாட்டிப் போனோட சமாளிக்கச் சொல்லுறதோ?"

மீளக் குடியமர்ந்த விவசாயி ஒருவர் போகத்து நெல் விற்ற கையோடு வந்து கேட்ட கேள்வி இது. அவருக்கு வயல் இரண்டு ஏக்கர். மூன்று முறை இடம்பெயர்ந்த குடும்பம். ஒவ்வொரு முறையும் அந்தச் சங்கிலி மனைவியின் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தது. இனி அது கணனிக் கடைக்குப் போகவேண்டுமா என்பதே கேள்வி.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "ஐயா, பிள்ளை அதிலை என்ன வேலை செய்யப்போறா?" என்று திருப்பிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பட்டணத்துக் கடையில் காட்டிய பெரிய இயந்திரத்தின் விலை மட்டும் தெரிந்திருந்தது. "நல்லது வாங்கினால் நாலைஞ்சு வருசத்துக்குப் பயமில்லை" என்று கடைக்காரர் சொன்னதும் நினைவில் இருந்தது.

உழவு இயந்திரம் வாங்கப் போகிறவர் முதலில் தம் நிலத்தைக் கணக்குப் பார்ப்பார். நாலு பரப்புத் தோட்டத்துக்கு நாலு சில்லு உழவு இயந்திரம் வாங்குவார் எவருமில்லை. லான்ட்மாஸ்டர் போதும், சில இடங்களில் மண்வெட்டியே போதும். இந்தக் கணக்கு விவசாயிக்கு எவரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. ஆனால் கணனி என்றதும் அதே விவசாயி தம் கணக்கை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்காரரின் கணக்கோடு நடக்கத் தொடங்கிவிடுகிறார். பெரியது, வேகமானது, புதியது என்ற மூன்று சொற்களும் அவரை வென்றுவிடுகின்றன.

எமது சனசமூக நிலையத்தில் ஓராண்டுக்கு மேலாகச் சிறு கணனி ஒன்று இருக்கிறது. அன்றாட வேலையில் அது எதைச் செய்கிறது, எதிலே முட்டுப்படுகிறது என்பதை நாம் கண்டறிந்தவாறே இங்கே எழுதுகிறோம். கடன்பட்டோ நகையை அடைவு வைத்தோ கணனி வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படலாம்.

விசைப்பலகைக்குள் ஒரு கணனி

நாம் பேசுகின்ற கணனியின் பெயர் றாஸ்பெரி பை 400. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரிலே உருவான றாஸ்பெரி பை கணனிகளின் வரிசையில் இது 2020 நவம்பரில் வெளிவந்தது. பார்த்தால் வெறும் விசைப்பலகை போலவே இருக்கும். நீளம் 286 மில்லிமீற்றர், அகலம் 122, தடிப்பு 23. கணனி முழுவதும் அந்த விசைப்பலகையின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியும் இல்லை, சுழலும் விசிறியும் இல்லை. ஆகவே சத்தமும் இல்லை. வெளிவந்தபோது தனியாக அதன் விலை 70 அமெரிக்க டொலர். சுட்டி, மின்வழங்கி, திரைக் கம்பி, நினைவு அட்டை என்பவற்றோடு 100 டொலர். பின்னர் இதே வகையில் வேகம் கூடியவையும் வந்துள்ளன. விலை காலத்துக்குக் காலம் ஏறி இறங்குவதால் இன்றைய விலையை விசாரித்தே அறிய வேண்டும்.

இந்த வரிசையின் முதற் கணனி 2012 பெப்ரவரி 29ஆந் திகதி விற்பனைக்கு வந்தது. அதன் பின்னணி நமக்கும் பொருத்தமானது. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கணனிக் கல்வியோடு தொடர்புபட்டிருந்த எபென் அப்டன் முதலானோர் ஒரு மாற்றத்தைக் கண்டனர். கணனிவியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவரின் தொகை குறைந்துகொண்டு போயிற்று. வருபவர்களிடமும் முன்னைய அனுபவம் இல்லை. 1980களில் வீட்டுக் கணனியைப் பிள்ளைகள் தாமே இயக்கிப் பழகினார்கள். பின்னர் வந்த கணனியோ குடும்பத்தின் விலையுயர்ந்த பொருளாயிற்று. பிள்ளை தொட்டுப் பழுதாக்கிவிடும் என்ற பயம் பெற்றோருக்கு. ஆகவே பிள்ளை பயமின்றித் தொடக்கூடிய விலையில் ஒரு கணனி வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். முதற் கணனி 35 டொலருக்கு விற்கப்பட்டது.

மூன்று வாற்றின் கதை

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின் நாம் வானொலி கேட்ட விதம் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் செய்தி கேட்டோம். சாதாரண சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற்றில் 3 வாற்று. அந்த 3 வாற்றுக்காக வீட்டிலே எத்தனை பேர் முறைவைத்து மிதித்தோம்!

இந்தச் சிறு கணனி வேலையின்றிச் சும்மா இருக்கும்போது எடுக்கும் மின்சாரமும் ஏறக்குறைய அந்த 3 வாற்றுத்தான். முழு மூச்சாக வேலை செய்யும்போது 6 அல்லது 7 வாற்று. அதனோடு வரும் மின்வழங்கி ஆகக்கூடியது 15 வாற்றுக் கொடுக்கும். (இதைப் படித்துவிட்டு எவரும் டைனமோவைக் கணனியிற் பூட்ட வேண்டாம். அதற்கு ஏறி இறங்காத 5 வோல்ற்று வேண்டும்.)

எப்படி இது இவ்வளவு குறைவாக எடுக்கிறது? அதன் மூளையாகிய சில்லு 'ஆம்' என்ற வகையைச் சேர்ந்தது. இதுவும் கேம்பிறிட்ஜிலேயே பிறந்தது. ஏக்கோர்ண் என்ற நிறுவனத்தில் சோபி வில்சன், ஸ்ரீவ் பேர்பர் ஆகியோர் வடிவமைத்த முதற் சில்லு 1985 ஏப்ரிலில் இயங்கியது. சூடு குறைந்தால் மலிவான பிளாஸ்ரிக் உறையிலே அடைக்கலாம் என்பதற்காகவே மின்சாரத்தைக் குறைக்க முயன்றார்கள். சோதித்தபோது மின்னோட்டமானி பூச்சியத்தைக் காட்டியது. பார்த்தால், சில்லுக்குரிய மின்னிணைப்பே கொடுபடவில்லை! ஏனைய கம்பிகளூடாகக் கசிந்த சிறிதளவு மின்சாரத்திலேயே அது வேலை செய்துகொண்டிருந்தது. நம் கையிலுள்ள கைத்தொலைபேசிகளிற் பெரும்பாலானவை இன்று இதே வகைச் சில்லிலேயே ஓடுகின்றன. ஆகவே, கைத்தொலைபேசியின் மூளைக்கு விசைப்பலகையும் பெரிய திரையும் பூட்டியது போன்றதே இந்தக் கணனி என்று விளங்கிக்கொள்ளலாம்.

மின்பட்டியலில் என்ன வித்தியாசம்?

கணனி 5 வாற்று எடுத்தாலும் திரை இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. இருபது அங்குல அளவிலான சாதாரணத் திரை ஒன்று 20 வாற்று அளவில் எடுக்கும். அதாவது இங்கே கணனியைவிடத் திரையே நான்கு மடங்கு குடிக்கிறது! இதை விற்பனையாளர் சொல்வதில்லை. இரண்டையும் கூட்டி 25 வாற்று என்று வைப்போம். சாதாரண மேசைக் கணனி ஒன்று 80 வாற்று எடுக்கிறதென வைத்தால், திரையோடு 100 வாற்று.

நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் பாவித்தால் மேசைக் கணனிக்கு அரை அலகு. மாதத்தில் 15 அலகு. சிறு கணனிக்கு மாதம் 4 அலகுக்கும் குறைவு. வித்தியாசம் 11 அலகு. இது சிறிய தொகை போலத் தோன்றலாம். ஆனால் எமது வீட்டு மின்கட்டணம் 30, 60 அலகு என்ற படிகளில் ஏறுவது. 28 அலகோடு நிற்கும் வீட்டுக்கு 4 அலகு கூடினாலும் அடுத்த படி வரும். 15 அலகு கூடினால் அந்தக் கூடிய வீதத்திலேயே பெரும்பகுதி போகும். ஆகவே வாங்குமுன் உங்கள் கடைசி மூன்று மின்பட்டியல்களையும் எடுத்து, எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

மின்சாரம் எட்டாத குடிசையிலோ, அடிக்கடி நின்றுபோகும் ஊரிலோ இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாகும். 12 வோல்ற்று, 40 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றில் 480 வாற்று-மணி இருக்கும். ஈயப் பற்றரி பழுதடையாதிருக்கப் பாதியையே எடுக்கலாம். மாற்றும்போது வீணாவதையும் கழித்தால் கையில் மிஞ்சுவது 200 அளவில். சிறு கணனியும் திரையும் அதில் எட்டு மணி நேரம் ஓடும். மேசைக் கணனி இரண்டு மணி நேரத்தோடு நின்றுவிடும். 100 வாற்றுச் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 வாற்று-மணி தரும் என்பதால், பிள்ளையின் ஐந்து மணி நேரப் படிப்புக்கும் இரவு விளக்குக்கும் அது போதும். மாரி காலத்து முகிலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

அன்றாட வேலையில் எப்படி?

அந்த விவசாயியின் மகளை இரண்டு சனிக்கிழமைகள் நிலையத்துக்கு வரச் சொன்னேன். வருமுன், தான் கணனியிற் செய்யவேண்டிய வேலைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிவரும்படி கேட்டேன். அவர் எழுதிவந்த வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்து, எதிரே 'நன்று', 'சமாளிக்கலாம்', 'முடியாது' என்று குறித்தோம். ஆளியைப் போட்டு மணிக்கூட்டைப் பார்த்தோம். அரை நிமிடமளவில் திரை ஆயத்தமாயிற்று.

கடிதம், ஒப்படை எழுதுதல்: நன்று. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் என்ற மென்பொருள் முதன்முறை திறக்கப் பத்துச் செக்கனுக்கு மேற் சென்றது. திறந்தபின் எழுதுவதிற் தாமதமில்லை. தமிழும் எழுதலாம். இலங்கையில் வழங்கும் றெங்கநாதன் விசைமுறையை இதிற் சேர்த்துக்கொள்ள முடியும். விசைகளில் தமிழெழுத்துப் பொறித்திராதபடியால், ஒரு தாளில் அச்சிட்டுப் பக்கத்தில் ஒட்டி வைத்தோம். ஆனால் பழைய 'பாமினி' எழுத்துருவில் எழுதிய கோவையைத் திறந்தால், அந்த எழுத்துரு கணனியில் இல்லாதவிடத்து ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் கலந்த குழப்பமே தெரியும். யூனிகோட் முறையில் எழுதியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கணக்கு எழுதுதல்: நன்று. விதைநெல், உரம், கூலி, விற்ற தொகை என்று ஒரு போகத்துக் கணக்கை அட்டவணையில் இட்டுக் கூட்டிப் பார்ப்பதற்கு இந்தக் கணனியின் வலு தேவைக்கு மேலாகவே உண்டு.

நிரல் எழுதுதல்: நன்று. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திற் படிக்கும் பைதன் மொழி இதிலே முன்கூட்டியே இருக்கிறது. இந்தக் கணனி உருவானதன் நோக்கமே இதுவல்லவா!

பாடநூல் வாசித்தல்: நன்று. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒருமுறை இறக்கி வைத்தால் பின்னர் இணையம் வேண்டாம். கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் அட்டையிற் சேமித்து இணையமின்றி வாசிக்கலாம். டேற்றா அட்டைக்குக் காசில்லாத வீட்டுக்கு இது பெரிய உதவி.

இணையத்தளம் பார்த்தல்: சமாளிக்கலாம். இரண்டு மூன்று பக்கங்கள் திறந்திருக்கும்வரை தொல்லையில்லை. பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தால் சுட்டி இழுபடத் தொடங்கும். கணனியின் நினைவகம் 4 கிகாபைற் மாத்திரமே. "ஒண்டைப் பாத்து முடிச்சு மூடிப்போட்டு மற்றதைத் திற, பிள்ளை" என்று சொல்லவேண்டி வந்தது.

காணொளிப் பாடம் பார்த்தல்: சமாளிக்கலாம். தெளிவை நடுத்தரத்தில் வைத்தால் ஒழுங்காக ஓடும். ஆகக்கூடிய தெளிவில் வைத்தால் அங்கங்கே தடக்கும். கரும்பலகையில் எழுதுவதை வாசிக்க நடுத்தரம் போதுமானது.

எங்கே முட்டுப்படும்?

குறைகளை மறைப்பதால் எவருக்கும் பயனில்லை. மகளின் தாளில் 'முடியாது' என்று குறித்தவையும் இருந்தன.

முதலாவது, விண்டோஸ் கணனிக்கென எழுதப்பட்ட மென்பொருட்கள் இதில் நேரடியாக ஓடமாட்டா. இது லினக்ஸ் என்ற வேறொரு முறையில் இயங்குவது. கணக்கியல், வரைபடம் முதலிய வகுப்புகளில் குறிப்பிட்ட ஒரு விண்டோஸ் மென்பொருளையே கற்பிப்பார்களாயின், இந்தக் கணனி அப்பிள்ளைக்கு உதவாது.

இரண்டாவது, நேரடி இணைய வகுப்பு. இந்தக் கணனியிற் கமராவும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. வெளியே பூட்டினாலும் பலர் சேரும் காணொளி வகுப்பில் மூச்சு வாங்கும். அதற்கு வீட்டிலுள்ள கைத்தொலைபேசியே மேல். வகுப்பைத் தொலைபேசியிற் கேட்டுவிட்டு, ஒப்படையைக் கணனியில் எழுதுவதே நாம் கண்ட நல்ல வழி.

மூன்றாவது, அச்சுப்பொறி. எல்லா அச்சுப்பொறியும் இதனோடு பேசாது. வாங்கவிருக்கும் அச்சுப்பொறி லினக்ஸில், அதுவும் இவ்வகைச் சில்லிலே வேலை செய்யுமா என்று கேட்டு, முடிந்தால் பூட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

நான்காவது, ஒலி. காதணிக் கருவி பூட்டும் துளை இதில் இல்லை. ஒலி திரைக் கம்பி வழியாகவே போகும். திரையில் ஒலிபெருக்கி இல்லாவிட்டால் பாடத்தின் படம் தெரியும், குரல் கேட்காது. தட்டைத் தொலைக்காட்சி உள்ள வீட்டார் அதையே திரையாகப் பயன்படுத்தலாம். ஒலியும் கிடைக்கும், திரைக்கான காசும் மிச்சம். ஆனால் அது மின்சாரம் கூடுதலாக எடுக்கும். பழைய பெட்டித் தொலைக்காட்சிக்கு இந்தக் கணனி ஒத்துவராது.

பழுது வராமற் காக்க

மின்வழங்கி: எமது நிலையத்தில் ஒரு நாள் உரிய மின்வழங்கியைக் காணாமல் ஒரு கைத்தொலைபேசிச் சாஜரைப் பூட்டினோம். திரையின் மூலையிலே சிறிய மின்னல் அடையாளம் ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தது, கணனியும் ஆமையாயிற்று. வோல்ற்று குறைகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. மெல்லிய கம்பியே காரணம். வாய்க்கால் ஒடுங்கினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாதது போலத்தான். உரிய மின்வழங்கியைத் தவிர வேறொன்றைப் பூட்டலாகாது.

திடீர் மின்வெட்டு: இந்தக் கணனியில் எல்லாம் விரல்நகம் அளவான நினைவு அட்டை ஒன்றிலேயே எழுதப்படுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அட்டையில் உள்ளவை பழுதடையக்கூடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாம். இதை அலட்சியம் செய்யமுடியாது. ஒருமுறை எமது நிலையத்திலும் மின்சாரம் நின்றதோடு அட்டை போயிற்று. அதோடு சங்கத்தின் மூன்று மாதக் கணக்கும் போயிற்று. பிரதி எடுத்து வைக்காதது எமது தவறேயன்றி வேறெவர் தவறுமல்ல. பற்றுச்சீட்டுக்களைத் தேடிப் பொறுக்கி, எல்லாவற்றையும் மீள எழுத இரண்டு கிழமை சென்றது. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் வேறொரு யூ.எஸ்.பி. தடியில் பிரதி எடுக்கிறோம்.

வெப்பம்: விசிறி இல்லாத இக்கணனியின் வயிற்றில் ஒரு பெரிய அலுமினியத் தகடு சூட்டை வாங்கிக்கொள்கிறது. சில்லின் சூடு 80 பாகையை அண்மிக்கும்போது அது தானே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் வேலை மந்தமானால் பழுது என்று பயப்பட வேண்டாம். காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். துணியால் மூடிக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

மணிக்கூடு: இதில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடுகின்ற மணிக்கூடு இல்லை. இணையத்தோடு தொடுக்கும்போதே சரியான நேரத்தை அறிந்துகொள்ளும். இணையமில்லாத நாளில் கடைசியாக நிறுத்திய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். ஆகவே பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது கணனி தானாக இடும் திகதியை நம்பாமல் நாட்காட்டியைப் பாருங்கள்.

காணிக் கடதாசியும் சிறு அட்டையும்

பிள்ளையின் படிப்புக்காகத் தொடங்கிய இந்த முயற்சியில், தகப்பன் தமக்கும் ஒரு பயனைக் கண்டார். மகளை அழைத்துப்போக வந்தவர், "பாதர், எங்கட கடதாசியளையும் இதுக்குள்ளை வைக்கலாமோ?" என்று கேட்டார்.

இடம்பெயர்ந்த எமக்கு இக்கேள்வியின் பாரம் தெரியும். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு என்பவற்றைப் பொலித்தீன் பையிற் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியவர்கள் நாம். ஆற்றிலே நனைந்தவையும், பங்கரிலே புதையுண்டவையும் எத்தனை! கடதாசி இல்லாதவர் தம் சொந்தக் காணியின் முன்னால் அந்நியராக நின்றதையும் கண்டோம்.

அவர் பத்திரங்களைத் தொலைபேசிக் கமராவாற் பகல் வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்து, கணனியில் பெயரிட்டு ஒழுங்காக வைத்தோம். ஆனால் மூன்று விடயங்களை அவருக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

படம் மூலப் பத்திரம் ஆகாது. மூலத்தைக் கவனமாகக் காப்பதே முதற் கடமை. எனினும் மூலம் தொலைந்தால் இந்தப் படம் வழிகாட்டும். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், எழுதிய திகதி, பதிவு விபரம் ஆகியவை கையிலிருந்தால் சான்றுப்படுத்திய பிரதி கோரி விண்ணப்பிப்பது இலகுவாகும். அந்த விபரங்கள் படத்தில் தெளிவாகத் தெரிகின்றனவா என்று எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள்.

அடுத்து, ஒரே இடத்தில் வைத்தது வைத்ததாகாது. விதைநெல்லை ஒரே கோர்க்காலியில் வைத்து எலியிடம் கொடுத்தவர்கள் இதை அறிவர். கணனியில் ஒன்று, வீட்டு யூ.எஸ்.பி. தடியில் ஒன்று, வேறூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் ஒன்று என மூன்று பிரதிகள் வேண்டும்.

மூன்றாவதாக, பலர் தொடும் பொதுக் கணனியில் அடையாள அட்டையையோ உறுதியையோ விட்டுச் செல்லலாகாது. நிலையத்தில் ஒழுங்குபடுத்தி முடிந்ததும் உங்கள் தடியிற் பதிந்துகொண்டு, கணனியிலிருந்து அழித்துவிட்டுப் போங்கள். நாமும் அன்று அப்படியே செய்தோம்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

1. பிள்ளை செய்யவேண்டிய வேலைகள் எவை? தாளில் எழுதுங்கள். ஆசிரியரிடம் காட்டி, குறிப்பிட்ட மென்பொருள் கட்டாயமா என்று கேளுங்கள்.

2. வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? தட்டைத் தொலைக்காட்சி, தொலைபேசி, சூரியத் தகடு என்பவை இருந்தால் செலவு குறையும்.

3. திரை, நினைவு அட்டை, மின்வழங்கி, திரைக் கம்பி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? கணனியின் விலையை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். இதற்கு வேண்டிய கம்பியின் ஒரு முனை சிறியது. சாதாரணக் கம்பி பொருந்தாது.

4. அதே தொகைக்கு நல்ல நிலையிலுள்ள பாவித்த மடிக்கணனி கிடைக்குமா? அதிற் திரை, பற்றரி, கமரா யாவும் ஒன்றாக இருக்கும். மின்வெட்டிலும் உடனே அணையாது. பற்றரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று உங்கள் முன்னிலையிலேயே ஓடவிட்டுப் பார்த்து, நம்பிக்கையானதாயின் அதுவே சில குடும்பங்களுக்குப் பொருத்தமாகலாம்.

5. பழுதானால் பார்ப்பதற்கு அருகில் யார் உண்டு? அறிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில் எந்தக் கணனியும் ஒரு நாள் மேசையில் தூசி பிடிக்கும்.

சங்கிலி என்னாயிற்று?

இரண்டாவது சனிக்கிழமை மாலை மகளின் தாளை மூவரும் பார்த்தோம். எழுதியிருந்தவை பதினொரு வேலைகள். ஆறுக்கு எதிரே 'நன்று', மூன்றுக்கு எதிரே 'சமாளிக்கலாம்', இரண்டுக்கு எதிரே 'முடியாது'. முடியாத இரண்டில் ஒன்றைத் தொலைபேசி ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. மற்றது ஒரு விளையாட்டு. அதை எழுதியது தம்பியார் என்று மகள் சிரித்தார்.

தகப்பன் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டிலே தட்டைத் தொலைக்காட்சி ஒன்று இருந்தது. நெல் விற்ற காசில் ஒரு பகுதியையும், மகள் தையலில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்துச் சிறு கணனியை வாங்கினார்கள். சங்கிலி அடைவு கடைக்குப் போகவில்லை.

எல்லா வீட்டுக்கும் இதுவே முடிவு என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போகும் பிள்ளைக்கு நாளை வலுவான கணனி தேவைப்படலாம். அன்று சங்கிலி உதவட்டும். ஆனால் இன்றைய வேலைக்கு இன்றைய அளவு எது என்று பார்க்கும் உரிமையை நாம் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடக் கூடாது. ஏக்கரை அளந்து விதைநெல் கட்டுபவர்கள் நாம். அதே அளவுகோலைக் கணனிக் கடைக்கும் கொண்டுபோவோம். புறப்படுமுன் பிள்ளையை அருகில் இருத்தி, ஒரு தாளும் பேனையும் எடுங்கள்.